படிக்கட்டில் வரும் ஓடிபி

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் அறையில் வைஃபை கடவுச்சொல்லைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். வந்தவன் போனவன் எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற தாராள மனசு. குறையாகச் சொல்லவில்லை, தொழில் புத்தி, எங்கே போனாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது. என் போனைத்தான் வாங்கி வைத்துக்கொண்டீர்களே, என்னால் உங்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை.

கேட்டதற்கு வருகிறேன். மொபைல் கம்பெனியில் பொது வைஃபை பிரிவு என் பொறுப்பு. பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி, கடைவீதி என்று ஜனங்கள் எங்கெல்லாம் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு பெட்டியை மாட்டுவோம். எங்கள் சிம் உள்ள போன் பக்கத்தில் வந்தாலே தானாக இணைந்துவிடும். மற்றக் கம்பெனி சிம் வைத்திருப்பவன் தன் எண்ணை அடிக்க வேண்டும், ஓடிபி வரும், அதைப் போட்டால் கொஞ்ச நேரம் ஓட்டலாம். அந்த மற்றவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சந்தா கட்டுவது ஒருத்தனிடம், ஓசிக்கு வருவது எங்களிடம். வேகம் போதவில்லை என்று முதல் ஆளாகப் புகார் கொடுப்பதும் அவன்தான்.

பேருந்து நிலையத்துக்கு அடியில் ஒரு கடைத்தளம் இருக்கிறது. செருப்பு, குடை, பயணப் பெட்டி விற்கிற கடைகள். போக வர ஒரே படிக்கட்டு. யாருடைய சிக்னலும் அவ்வளவு கீழே இறங்காது என்பதால், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக, சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் பழைய கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்காரர் எங்களோடு ஒப்பந்தம் போட்டதும் அதைக் கழற்றிவிட்டோம். பழையது, மின்சாரத்தை உறிஞ்சுகிறது என்று அறிக்கை எழுதியவன் நான். இரண்டும் உண்மை. வேறு எவனும் கீழே கேபிள் இழுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் சேர்த்தோம். பிறகு எங்கள் வைஃபையைப் போட்டோம். தெருவில் உள்ள பெட்டிகளுக்குச் செய்த அதே நுழைவுப் பக்கத்தை அப்படியே தூக்கிக் கீழே வைத்தார்கள்.

வேடிக்கை அங்கேதான். ஓடிபி குறுஞ்செய்தியாக வரும். குறுஞ்செய்திக்கு சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே கீழே ஒருத்தன் வைஃபை கேட்கிறான்? அவன் எண்ணைக் கீழே அடித்துவிட்டு, போனோடு படியேறி, சிக்னல் பிடிக்கிற இடம் வரை போய், ஓடிபியை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து போட வேண்டும். அத்தனை பெரிய மனிதர்கள் குளிர்சாதன அறையில் கூடிக் கூடிப் பேசிய திட்டத்தில் ஒரு மண்டையிலும் இது உறைக்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். மார்க்கெட்டிங் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு, ஏறி இறங்கட்டும். கால் வலிச்சா நம்ம சிம்ம வாங்கிக்குவான்."

அவர் வாழ்க்கையில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். செருப்புக் கடைக்காரர் முதல் நாளே வந்துவிட்டார். கடைசியில் ஒரே ஒருத்தர் பாக்கி. என் அக்கா வீட்டுக்காரர்.

மாமா அங்கே போட்டோ கடை வைத்திருந்தார். படங்கள் எல்லாம் இணையம் வழியாகக் கடைக் கணினிக்கு வரும், திருத்தி அச்சுப் போட்டுக் கொடுப்பார். உதவிக்கு ஆள் கிடையாது. அப்பா போன பிறகு நான் வளர்ந்தது அவர் வீட்டில்தான். படிக்க வைத்தார். அதை நான் மறுக்கவில்லை, மறக்கவும் அவர் விட்டதில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், "நம்ம கையில வளந்த பையன்" என்று என் முதுகில் தட்டுவார். அடுத்த வாயில் இதையும் சொல்வார்.

"மாப்ள என்ன வேலை பாக்குறான்னு கேட்டா, காத்த வித்துப் பொழைக்கிறான்னு சொல்லுங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். அவள் சிரிப்பதுதான் எனக்கு வலிக்கும்.

இருந்தும் நான் இறங்கித்தான் போனேன். புது சிம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனேன். எண் மாறாது மாமா, கம்பெனி மட்டும்தான் மாறும், படியேறுகிற தொல்லை விட்டது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் உறையைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் சொருகினார். மேசையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"பரவால்ல மாப்ள. உங்க கம்பெனியால ஒரு உபயோகம்."

செருப்புக் கடைக்காரர் பல்லைக் காட்டினார். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம் வேலை சம்பந்தப்பட்டவை. மற்றக் கம்பெனிக்காரருக்கு ஒரு தடவை ஓடிபி போட்டால் நாள் முழுக்க இணைப்பு இருந்தது. அது அநியாயம், ஒரு மணி நேரமாக்கினேன். செருப்புக் கடைக்காரர் இரக்கப்பட்டு, எங்கள் சிம்மோடு கிடைத்த தன் வைஃபை கணக்கை மாமாவின் கணினியில் போட்டுக் கொடுத்தார். ஒரு கணக்குக்கு ஒரு கருவிதான் என்று விதி வைத்து அதை அடைத்தேன். பிறகு ஒரு மணி நேரம் கால் மணி ஆனது. இதெல்லாம் எந்தக் கம்பெனியிலும் நடப்பதுதான். இனாமாகக் கொடுப்பவனுக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்கிற உரிமை உண்டு.

செய்தி போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது எங்கள் திரையில் தெரியும். சேர்ந்தது என்று வந்தால் மாமா மேலே வந்துவிட்டார். ஓடிபி போடப்பட்டது என்று வந்தால் கீழே இறங்கிவிட்டார். வேலைக்கு நடுவே அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இதோ ஏறுகிறார், இதோ இறங்குகிறார். நாளாக ஆக இரண்டுக்கும் இடையிலே நேரம் கூடிக்கொண்டே போனது.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். அவருக்கு இதய நோய் என்பது எனக்குத் தெரியுமா? தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதே நான்தான். மருந்துக் கடையில் வரிசையில் நின்றதும் நான்தான். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"நடங்க, நல்லது. படி மட்டும் வேணாம். ஏறித்தான் ஆகணும்னா நின்னு நின்னு ஏறுங்க. அவசரம்னு ஓடிடாதீங்க."

இது நடந்தது நேரத்தைக் கால் மணியாகக் குறைப்பதற்கு முந்தின வாரம்.

ஒரு நாள் அக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தாள். இதுவரை வராதவள். வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"கடையிலேர்ந்து வந்ததும் அப்படியே சாஞ்சிடுறாருடா. சாப்பிடக்கூட எந்திரிக்கல. உன் கம்பெனிதானே, நீ ஏதாவது பண்ணக் கூடாதா?"

"ஒரு வார்த்த கேக்கச் சொல்லுக்கா. அன்னைக்கே மாத்திக் குடுக்கிறேன்."

"சொல்லிப் பாத்துட்டேன். உன்கிட்ட கேக்க மாட்டேங்கிறாரு. நீ வச்ச பூட்டுன்னா நீயே திறப்பன்னு சொல்றாரு."

எனக்குக் கோபம் வந்தது. நான் திறப்பேனாம். அவர் வாயைத் திறக்க மாட்டார், நான் திறக்க வேண்டும். அக்காவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, ஓடிபி செல்லுபடியாகும் நேரத்தை மூன்று நிமிடமாக்கினேன். மெதுவாக நடந்தால் அதற்குள் ஏறி இறங்க முடியாது. ஓட வேண்டும்.

உங்கள் ஆட்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நிமிடமும் கால் மணியும் எல்லாருக்கும் போட்ட விதி அல்ல. வழிப்போக்கன் எவன் கீழே வந்து எண்ணை அடித்தாலும் அவனுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும், ஓடிபியும் சாவகாசமாகப் போடலாம். விதியில் இருந்தது ஒரே ஒரு கணினி. இதற்கு மேலதிகாரி யாரும் கையெழுத்துப் போடவில்லை. அவர்களுக்கு அப்படி ஒரு விதி வைக்க முடியும் என்பதே தெரியாது.

அன்றைக்கு ஓடிபி போனது. சேர்ந்தது என்று வந்தது. மூன்று நிமிடம் முடிந்தது. யாரும் போடவில்லை. சரி, மறுபடி கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அப்போது என் போன் அடித்தது. மாமா.

எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். எடுக்கவில்லை. எத்தனை வருஷமாக என்னை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துச் சிரித்தவர், ஒரு தடவை காத்திருக்கட்டும். நின்றது. மறுபடி அடித்தது. அதையும் விட்டேன். மூன்றாவது தடவை எடுத்து, பெருந்தன்மையாகப் பேச வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன். டீ வந்தது, குடித்தேன். மூன்றாவது தடவை வரவில்லை.

படிக்கட்டுத் திருப்பத்தில் சரிந்து கிடந்த அவரைப் பார்த்தது குடைக் கடைக்காரர். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் போனைப் பார்த்துக்கொண்டே அவரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றி நான் சொன்னால் கடுமையாகச் சொல்கிறேன் என்பார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் அதே டாக்டர். அன்று சாயங்காலமே அந்த விதியை நீக்கிவிட்டேன். தேவையில்லாத விதி ஒன்று கிடப்பது எனக்குப் பிடிக்காது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவரை நான்தான் கொன்றேன். நிதானமாக, தெரிந்தே, என் மேசையில் உட்கார்ந்தபடியே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். அவளிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்னல் இருந்தது. அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். அவளைக் கூப்பிட்டிருக்கலாம். யாரையும் கூப்பிடாமல், இரண்டு தடவையும் என்னைத்தான் கூப்பிட்டார். மூச்சு முட்டுகிற நேரத்தில் ஒரு மனிதன் மச்சினனை வேறு எதற்குக் கூப்பிடுவான்? சிம் கேட்கத்தான் கூப்பிட்டார். கடைசியில் கேட்டுவிட்டார் என்று அவளிடம் சொல்லுங்கள்.