காளிமுத்து மகன் குழந்தைவேலு

உக்காரு தாயி. நீ நின்னுக்கிட்டே இருந்தா எனக்குச் சொல்ல வராது. இப்பவே முன்னது பின்னதா மாத்திச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரரு எப்பவும் சொல்லுவாரு, பிச்சையம்மா ஒரு சேதி சொன்னா அதுக்குச் சிக்கெடுக்க இன்னொரு ஆளு வேணும்னு. நான் எங்கயாச்சும் தப்பாச் சொல்றேன்னு பட்டா நிறுத்திக் கேளு. ஆனா பாதியில எந்திரிச்சிப் போயிடாத.

ஆமா, உன் தம்பி குழந்தைவேலு இந்த வீட்டுலதான் இருந்தான். அந்தப் பின்னறையில. நீ அம்சவள்ளிதான? நீ வாசல்ல வந்து நின்னப்பவே தெரிஞ்சிப் போச்சு. அதே நெத்தி, அதே காது. அந்தக் கதவையே பாக்காத தாயி, அவன் அங்க இல்ல. ரெண்டு மாசம் ஆச்சு. சயாமுல ரயில் ரோடு போடறாங்களே, அதுக்கு லோரியில ஏத்திட்டாங்க.

அழு. அழுதுட்டுக் கேளு.

ஏன் சேதி சொல்லி அனுப்பலன்னா... எப்படிச் சொல்லுவேன்? உங்க தோட்டம் சுங்கை லாலாங்கு என்ன சமுத்திரத்துக்கு அந்தப் பக்கமா, தெரியும். நடந்தே வந்திருக்கலாம். யார்கிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாம். நான் சொல்லல. அதையும் எம்மேலயே எழுதிக்க.

இங்க வர முன்ன டவுன் ஆபீஸுக்குப் போயிட்டு வந்தியா? என்னா சொன்னாங்க? பரஞ்சோதி மகன் குழந்தைவேலுன்னு ஒரு ஆளே இந்த ஊர்ப் புஸ்தகத்துல இல்லன்னு சொல்லிட்டாங்களா? ம். அவங்க பொய் சொல்லல தாயி. அதுக்குத்தான் வரேன். மொதல்லேருந்து வந்தாத்தான் எனக்கு வரும்.

உங்க தோட்டத்துல ரப்பர் பால் வெட்டு நின்ன பிறகு இங்க விறகுக் கடையில கட்டை பிளக்க வந்தான் இல்ல, அப்ப எடம் தேடிக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். எனக்குப் புள்ளையில்ல. அறை சும்மா கெடந்துச்சு. வாடகைன்னு கையில ஒண்ணும் வாங்கல லா, ஜப்பான்காரன் அடிக்கிற இந்த வாழமரத்துக் காசுக்கு என்னா கெடைக்குது? விறகு கொண்டாருவான், மரவள்ளிக் கெழங்கு கொண்டாருவான். கூரைத் தகரம் ரெண்டு ஓட்டையா இருந்துச்சு, அவனே ஏறி தார் வெச்சான். வெளியாள இப்படி ஒட்டுக்குடி வெச்சிக்க எங்கிட்ட பர்மிட்டும் இருந்துச்சு. வெள்ளக்காரன் இருந்தப்ப எடுத்தது. மில்க் டின்னுல சுருட்டி வெச்சிருந்தேன்.

இந்த வீடு எங்களுது இல்ல, தெரியுமா? ஆபீஸ் வீடு. எங்க வீட்டுக்காரரு டவுன்ல கால்வாய் கழுவறாரு. அந்த வேல இருக்கிற வரைக்கும் வீடு. வீடு போச்சுன்னா நாங்க போறதுக்கு ஒரு எடம் கெடையாது. அத நெனப்புல வெச்சிக்க. எனக்காகப் பேசணும்னு சொல்லல. நீ புரிஞ்சிக்கணும்னு சொல்றேன்.

இந்த வருஷம் மழ விட்ட பிறகு பாசார் சுவத்துல நோட்டீஸ் ஒட்டினாங்க. பழைய பர்மிட்டெல்லாம் திரும்பப் பாக்கப் போறாங்களாம். எந்தெந்த வரிசையில யார் யார் குடியிருக்கலாம்னு புதுசா பிரிச்சிருக்காங்களாம். ரயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம், எங்க வரிசையெல்லாம், குடும்பம் மட்டும் இருக்கிற எடம். ஒட்டுக்குடியே கூடாது. கடைவரிசையில மாடியில வெச்சிக்கலாம், அதுக்கும் புது பர்மிட்டு எடுக்கணும். மாணிக்கவாசகம்னு ஆபீஸ்ல கணக்கு எழுதற ஒரு கிராணி, நம்ம ஆளுதான், மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு பெரிய புஸ்தகத்தோட வீடு வீடா வந்தாரு. வாசக்கால்ல சாக்குக்கட்டியால நம்பர் போட்டாரு. எம் பர்மிட்ட எடுத்துக் காட்டினேன். அம்மா, இதுல வெள்ளக்கார ராஜா முத்திரை இருக்கு, யாரும் பாக்கறதுக்குள்ள அடுப்புல போடுங்க, நாளைக்கு வந்து பேரு எழுதிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கே பக்கத்து வீட்டு அழகம்மா பேரு எழுதியாச்சு. அவ வீட்டுல ரெண்டு பேரு ஒட்டுக்குடி இருந்தாங்க. அவ உள்ளத உள்ளபடி சொன்னா. அவளுக்குப் பொய் வராது. மறுநாள் காலையில நாலு பேரு வந்து அவ சட்டி பானையெல்லாம் சடக்குல, நடு ரோட்டுல, எறக்கி வெச்சுட்டு வீட்டப் பூட்டிட்டாங்க. அவ புருஷன வெயில்ல முட்டி போட வெச்சாங்க. அவ கோழியப் புடிக்க ஓடினா பாரு, கூடை ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம். இப்ப கோயிலுக்குப் பின்னால சாக்கு கட்டிக்கிட்டு இருக்கா. அத ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே நிக்கறேன். கிராணி அடுத்து எங்க வீட்டுக்குத்தான் வரணும்.

அப்பத்தான் நான் சொன்னேன், குழந்த, நீ ஒட்டுக்குடி இல்ல, என் கூடப்பொறந்த தம்பின்னு எழுதிடலாம்னு.

அவன் அக்கான்னுதான கூப்புடுவான். யாரு கேட்டாலும் சந்தேகம் வராது. அவன் சிரிச்சான். நான் வேற எடம் பாத்துக்கிறேன் அக்கா, உங்களுக்கு எதுக்கு வம்புன்னான். நாந்தான் விடல. ஏன்னா... உங்கிட்ட மறைக்கல தாயி. அவன் போயிட்டா விறகு ஏது, கெழங்கு ஏது? பாசமும் இருந்துச்சு. ரெண்டும் இருந்துச்சு.

தம்பின்னா அப்பன் பேரு ஒண்ணா இருக்கணுமே. அதனால அவன உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். எங்கப்பா காளிமுத்து. எங்கம்மா கருப்பாயி. பொறந்தது கூலிம் பக்கத்துத் தோட்டம். அஞ்சு தடவ சொல்லச் சொன்னேன். அவன் கேக்கறான், ஏக்கா, நம்ம அப்பாவுக்குக் குடிப் பழக்கம் உண்டா, கிராணி கேட்டா என்னா சொல்றதுன்னு. உண்டு, மூக்கு முட்டக் குடிப்பாரு, பேசாம இருடான்னேன். அப்ப எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க, அப்பன மாதிரி இருக்கணுமிலன்னான். எங்க வீட்டுக்காரரு பீடிய அணைச்சிட்டுக் கேட்டாரு, உங்கம்மா செத்து இருபத்தெட்டு வருஷம் ஆகுது, இவனுக்கு இருபத்து நாலு வயசு, எப்படிடி பெத்தான்னு.

அப்புறம் எங்கம்மாவுக்குப் பத்து வருஷம் ஆயுசு கூட்டிப் போட்டோம். அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே. பாவம், அம்மா நல்லாயிருக்கட்டும்னான். மூணு பேரும் சிரிச்சோம் தாயி. அத நெனச்சா இப்ப ஒடம்பு கூசுது.

கிராணி வந்தாரு. எழுதினாரு. அய்யாவு, குடும்பத் தலைவரு. பிச்சையம்மாள், பொஞ்சாதி. குழந்தைவேலு, அப்பா பேரு காளிமுத்து, பொஞ்சாதியோட தம்பி. புரியுதா? பரஞ்சோதி மகன்னு நீ எத்தன நாளு போயிக் கேட்டாலும் அந்தப் புஸ்தகத்துல கெடைக்க மாட்டான். உங்கப்பா பேர நாந்தான் எடுத்துட்டேன். இனிமே போனா காளிமுத்து மகன்னு கேளு. அங்க அவனுக்கு ஏதாச்சும் ஆனாலும் சேதி எனக்குத்தான் வரும், உனக்கு வராது. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் வரல. சத்தியமா வரல.

ஏன் மொறைக்கிற? இன்னும் முடியல. இது மட்டும்தான்னா நான் உன் மொகத்தப் பாத்துப் பேசியிருப்பேன்.

வீடு தங்கிடுச்சுன்னு நிம்மதியா இருந்தேன். ஒரு மாசம் போயிருக்கும். அதே புஸ்தகத்த வெச்சு இன்னொரு உத்தரவு. ஒரு குடும்பத்துல ரெண்டு ஆம்பள இருந்தா ஒருத்தன சயாமுக்குக் குடுக்கணும். ஒரே ஆம்பள இருக்கிற வீட்ட விட்டுடுவாங்க. அழகம்மா வீட்டுல ஒரே ஆம்பள. அவ ஒட்டுக்குடிகளும் வீடு பூட்டின அன்னிக்கே தோட்டத்துக்குப் போயிட்டாங்க. எங்க வீட்டுல புஸ்தகத்துப்படி ரெண்டு. நான் எழுதி வெச்ச ரெண்டு.

ஒரு செவ்வாக்கெழம, பாசார் கலையற நேரம். இந்த வாசல்லதான். கிராணி, பின்னால ஒரு ஜப்பான் ஆபீசரு, துப்பாக்கியோட ரெண்டு பேரு. சடக்குல லோரி நிக்குது, அதுல பத்துப் பன்னெண்டு பேரு. எங்க வீட்டுக்காரரு கால்வாய் வேலைக்குப் போயிட்டாரு. உன் தம்பி அப்பத்தான் விறகு கொண்டாந்து போட்டுட்டு வேர்வையத் தொடச்சிக்கிட்டு இருந்தான். அவனும் நானுந்தான்.

அந்தக் கிராணிய நான் கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. கிராணி புஸ்தகத்துலேருந்து கண்ண எடுக்காம, ஏதோ பேரு படிக்கிற மாதிரியே எங்கிட்ட சொன்னாரு. அம்மா, இவன் உங்க தம்பி இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இப்ப ஒட்டுக்குடின்னு சொல்லிடுங்க. இவன் பேரு இந்தக் கணக்குல வராது, தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க வீடு போகும். பொய் சொன்னதுக்குக் கன்னத்துல விழும். அவ்வளவுதான்னாரு.

அவ்வளவுதான்னு சொன்னாரு தாயி. நான் தெளிவாக் கேட்டேன். கேக்கலன்னு சொல்ல முடியாது.

உன் தம்பியும் கேட்டான். ரெண்டு எட்டுலதான நிக்கறான். அவனே சொல்லியிருக்கலாம், நான் இவங்க தம்பியில்ல, பரஞ்சோதி மகன்னு. வாயத் தொறந்தான். ஆபீசரு எங்கிட்ட திரும்பினாரு. அவன் வாய மூடிக்கிட்டான். ஏன் மூடினான்னு எனக்குத் தெரியாதா? சொன்னா அடி எனக்கு விழும்னு மூடினான். நான் சொல்லுவேன்னு என்னையே பாத்துக்கிட்டு நின்னான். கோவமா இல்ல. பாசாருக்குக் கூப்புட்டா நான் செருப்பு மாட்டுற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பானே, அப்படி.

அவன் தோட்டத்துக்குப் போனாலும் அங்கேயும் புடிச்சிருப்பாங்கன்னு ஆயிரம் தடவ எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீ சொல்லு, உங்க தோட்டத்துல புடிச்சாங்களா? இல்லையா? உங்க லயத்துல ஒருத்தரக்கூட எடுக்கலையா?

சரி.

ஆபீசரு மலாய்ல ஏதோ கேட்டாரு. கிராணி சொன்னாரு, அக்கா தம்பி மாதிரி தெரியலையேன்னு கேக்கறாருன்னு. சொல்லிட்டு என் மொகத்தப் பாத்தாரு. அதுதான் கடைசி வழி, அத அவரே தொறந்து வெச்சாரு. எனக்கு அழகம்மாவோட சட்டி பானை தெரியுது. எங்க வீட்டுக்காரரு அந்த வெயில்ல முட்டி போட்டு நிக்கறது தெரியுது. பொய் சொன்னவங்கள ஸ்டேஷனுக்குக் கொண்டு போயித் தண்ணியக் குடிக்க வெச்சு வயித்துல மிதிப்பாங்கன்னு பாசார்ல சொன்னது காதுல கேக்குது. வேற ஒண்ணும் தெரியல. அவன் தெரியல தாயி. ரெண்டு எட்டுல நின்னவன் தெரியல.

ஓடிப் போயி அவனக் கட்டிப் புடிச்சிக்கிட்டேன். என் கூடப்பொறந்த பொறப்பே, எங்கம்மா பெத்த கடைக்குட்டியே, என்னைய விட்டுட்டுப் போறியேடான்னு மாரடிச்சி அழுதேன். சடக்குல போனவங்கல்லாம் நின்னு பாத்தாங்க. ஆபீசருக்கு நம்பிக்கை வரணுமே, அதுக்காக இன்னும் சத்தமா அழுதேன். அவன் என் முதுகத் தட்டிக் குடுத்தான், விடுங்கக்கா, வந்துடறேன்னு. ஆபீசரு தலைய ஆட்டினாரு. கிராணி ஒரு காயிதத்த நீட்டினாரு, குடும்பத்து சம்மதம்னு. முந்தானையில மூக்கத் தொடச்சிக்கிட்டு, அக்கான்னு அவரு வெரல் வெச்சுக் காட்டின எடத்துல எம் பேர எழுதிக் குடுத்தேன்.