புதுவாயல் கிடங்கில் ஒரு ஜோடி ஸ்கீ

– அது வேணாங்க ஐயா, ரொம்ப நீளம். நூத்தி எண்பது சென்டிமீட்டர். நான் திரும்பறதுக்குள்ள அடுத்த கம்பம் போயிடும்.

– நீளமா இருந்தா வேகம் கெடைக்காதா அம்மா? நான் பழைய இரும்பு எடை போடுறவன், எனக்கு இன்னா தெரியும்?

– நேரா இறங்கறதுக்குன்னா சரி. என்னுது ஸ்லாலம். பனிச் சரிவுல வரிசையா கம்பம் நட்டிருப்பாங்க. ஒவ்வொண்ணையும் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு இறங்கணும். கால்ல மாட்டற ஸ்கீ பலகை குட்டையா, நடுவுல ஒடுங்கினதா இருக்கணும். அந்த நீலத்தைக் காட்டுங்க.

– இந்தா. வெளிநாட்டுக் கன்டெய்னர்ல பழைய சைக்கிளுங்களோட சேந்து வந்தது.

– இது ஜோடியே இல்லீங்க. ஒண்ணு நூத்தி அம்பத்தஞ்சு, இன்னொண்ணு நூத்தி அறுபத்தஞ்சு. ஒரு கால் வளையும், மறு கால் தன் வழியில போகும்.

– நானும் எங்க ஊட்டுக்காரியும் நாப்பது வருஷமா அப்படித்தான் போய்க்கினு இருக்கோம். சரி, இந்தச் செவப்பு?

– நடுவுல பிளந்திருக்கு. தட்டிப் பாருங்க, பொத்துனு கேக்குது. உள்ள தண்ணி போயிடுச்சு.

– அப்போ முடிஞ்சுதும்மா. மீதி எல்லாம் கொழந்தைங்க பலகை. ஆமா, கும்மிடிப்பூண்டிப் பொண்ணு சுகிர்தாவுக்குப் பனி எங்கேருந்தும்மா வந்துது? நமக்கெல்லாம் மீன் வண்டி ஐஸோட சரி.

– காலேஜ்ல என்சிசிங்க. காஷ்மீர் கேம்ப்புக்குப் போக வேண்டிய பொண்ணு காய்ச்சல்ல படுத்துட்டா, பதிலுக்கு நான் போனேன். முதல் நாள் முப்பது தடவை விழுந்தேன், எண்ணிக்கினே விழுந்தேன். முப்பத்தோராவது தடவை விழல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இத சொல்லிக்குடுக்கறவளாத்தான் ஆகணும்னு.

– ஆயிட்டியா?

– பரீட்சையில ரெண்டு தடவை தோத்துட்டேன். சொல்லிக்குடுக்கறதுல குறையே இல்ல. ஸ்லாலம் ஓட்டத்துலதான் ரெண்டு தடவையும் நாலு செகண்டு பிந்திட்டேன். அங்க வாடகைக்குக் குடுக்கறது அகலமான ஸ்கீ; கெட்டி ஐஸ்ல நிக்காது. மூணாவது தடவைதான் கடைசி. வியாழக்கிழமை ரயிலு.

– போகலைன்னா?

– பக்கத்து வீட்டு நர்மதா அக்கா வள்ளூர்ல ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி கேன்டீன்ல இடம் சொல்லி வச்சிருக்காங்க. டோக்கன் கிழிக்கிற வேலை. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லியாகணும். சேந்துட்டா லீவு கெடையாது.

– இரு இரு. கறுப்பு ஜோடி ஒண்ணு இருந்துதே! போன சனிக்கிழமை உங்க அண்ணன் ஜோஷ்வா கேட்டு எடுத்துக்கினு போனாரு. உன்கிட்ட சொல்லலியா?

– இல்லீங்களே! ஷிஃப்ட் முடிஞ்சதும் இங்க வர்றேன், நீ முன்னாடி போய் இருன்னுதான் சொல்லுச்சு. அதுல என்ன நம்பர் ஐயா?

– நூத்தி அம்பத்தஞ்சு. பக்கத்துல சின்னதா ஆர் பன்னெண்டுன்னு போட்டிருந்துது.

– ஆர் பன்னெண்டுன்னா சட்டுனு வளையற ஸ்கீங்க! ரெண்டுலயுமா?

– ரெண்டுலயும். ஓரத்து இரும்புக் கம்பி புதுசு மாதிரி. உங்க அண்ணன் கையில எடுத்துக் குடுக்கும்போது என் கட்டைவிரலையே அறுத்துடுச்சு. பாரு, கட்டு இன்னும் பிரிக்கல.

– மன்னிச்சுக்குங்க ஐயா, உங்க விரலப் பாத்து எனக்குச் சிரிப்பு வருது. அந்தக் கூர்தான் எனக்கு வேணும். ஐஸைக் கடிச்சு நிக்கிறது அந்த ஓரம் மட்டுந்தான். அது இல்லன்னா வெறும் பலகை. வழுக்கிக்கினே போய்ப் பள்ளத்துல விழ வேண்டியதுதான்.

– அப்போ என் ரத்தம் உனக்கு நல்ல சகுனம். அதோ, வண்டியில கோணியக் கட்டிக்கினு வந்துட்டாரு.

– ஏ சுகி! இன்னா மூஞ்சி பல்பு மாதிரி எரியுது? பூவராகவன் ஐயா சொல்லிட்டாரா? பேஜாரு ஐயா நீங்க, நானே காட்டலாம்னு இருந்தேன்!

– பிரிண்ணே, சீக்கிரம்!

– இரு பாப்பா. ஒரு வாரமா கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல உக்காந்து இதுல வேல பாத்துருக்கேன்.

– என்ன வேலண்ணே?

– ஐயா கைய அறுத்துக்கினத நேர்ல பாத்தேன்ல? நீ இதுமேல விழுந்தா இன்னா ஆவறது? எங்க கம்பெனியில தகடு வெட்டினா ஓரத்துல கூர் நிக்கும். அத மழுக்காம ஒரு பீஸுகூட கேட்டைத் தாண்டாது. பத்து வருஷத்துல நான் மழுக்கின ஒண்ணு திரும்பி வந்ததில்ல. கிரைண்டர்ல புடிச்சு ஓரம் பூரா உருட்டிட்டேன். பாதிக் கம்பி பொடியாவே பூட்ச்சு, பாத்துக்கோ.

– ஜோஷ்வா, நீ இன்னா காரியம்…

– ஐயா, சும்மா இருங்க. அண்ணே, ஒரு வாரமாவா சாப்பிடல?

– அதுல செத்தா பூடுவேன்? அப்பா போனப்புறம் உனக்குன்னு நான் இன்னா செஞ்சேன், சொல்லு. ரெண்டு தடவ நீ தோத்து வந்தப்போ தெருவே சிரிச்சுது, நானும் வாய மூடிக்கினு கெடந்தேன். இப்போ வெரல வச்சு இழுத்துப் பாரு. இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும். எங்கனா வெட்டுதா?

– வெட்டலண்ணே.

– எப்படி கீது?

– வெண்ணெய் மாதிரி இருக்குண்ணே.

– இந்த தடவ ஜெயிச்சுடுவ இல்ல?

– ஐயாவுக்கும் எனக்கும் டீ வாங்கிக்கினு வாண்ணே. நீயும் ரெண்டு பன்னு சாப்பிட்டுட்டு வா.

– தோ வர்றேன். கோணியில சுத்தி வை, கீறல் வுழுந்துடப் போவுது!

– …திரும்பத் தீட்ட முடியாதாம்மா?

– தீட்டறதுக்குக் கம்பி வேணுமே ஐயா.

– அவருகிட்ட சொல்லிடு. தெரியாம செஞ்சுட்டாரு.

– தெரிஞ்சா அண்ணன் இனிமே கிரைண்டரையே தொடாது. இருங்க, ரிங் போவுது. அக்கா, சுகிர்தா பேசறேன். அந்த கேன்டீன் இடம் இன்னும் இருக்காக்கா? திங்கட்கிழமையா? சரிக்கா. வந்துடறேன்.

– டீ ஆறிடும், புடி. யாரு போன்ல?

– காஷ்மீர்லேருந்துண்ணே. இந்த வருஷம் அங்க பனியே விழலையாம்.