மேல் ஓரம் வெட்டப்பட்ட தாள்

எனக்கு வயது அறுபத்து மூன்று. தபால் நிலையத்தின் பின்தெருவில் மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறேன். முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கணக்கு டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாரானாலும் வழி சொல்வார்கள். நகர சபைத் தலைவியின் ராஜினாமாக் கடிதம் பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று, சபைக்குத் தேர்வான பதினொரு பெண்களுக்கு நிர்வாகப் பயிற்சி கொடுக்க என்னை அமர்த்தியது. தலைவியைத் தினமும் அவர் கணவர்தான் அழைத்து வருவார். சபை முத்திரை அவர் சட்டைப் பையில் இருக்கும். முதல் நாள் மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் வெளியே இருக்கச் சொன்னேன். அதன் பிறகு வராந்தாவில் இருந்தார்.

மூன்றாம் நாள் கடிதம் எழுதும் பாடம். எதையும் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்று நம்புகிறவள் நான். ஆகவே நிறுவனத்தின் சின்னம் மேலே அச்சிட்ட வெற்றுத் தாள்களைக் கொடுத்து, கீழே வலது பக்கம் கையெழுத்திடச் சொன்னேன். ஓர் உறுப்பினர், "வெத்துத் தாள்ல வாங்குறீங்க, வீட்டை எழுதி வாங்கிடாதீங்க டீச்சர்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சரி போட்டு, பதினொன்றையும் எண்ணி வாங்கினேன். அதன் பிறகு கணவர் உள்ளே வந்து, என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தாள்களைத் தானே அடுக்கித் தந்தார். நான் மறுபடி எண்ணவில்லை. தாள் கட்டைப் பயிற்சி அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் தலைவி முத்திரையைக் கணவரிடமிருந்து கேட்டு வாங்கித் தன் மேஜைக்குள் வைத்தார். அதற்கு ஒன்பதாம் நாள் அவருடைய ராஜினாமா சபைக்கு வந்தது. அது ஏற்கப்பட்டால் துணைத்தலைவர் பொறுப்புக்கு வருவார். துணைத்தலைவர், கணவரின் அண்ணன்.

அன்று மதியம் தலைவி என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் எழுதலை டீச்சர். ஆனா கையெழுத்து என்னோடதுதான். யாரு நம்புவா?" என்றார்.

அதன் பிறகு இருவரும் சபை அலுவலகம் போய்க் கடிதத்தைப் பார்த்தோம். வாசகம் தட்டச்சில் இருந்தது. தாள் வழக்கமான நீளத்தைவிட இரண்டு விரல் குட்டை. மேல் ஓரம் கத்தரிக்கோல் பட்டுக் கோணலாக இருந்தது. கையெழுத்தின் பக்கத்தில் பென்சில் சரியை அழித்திருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் அதன் தடம் தெரிந்தது. அதன் பிறகு பயிற்சி அறைக்குப் போய் அலமாரியைத் திறந்து, கட்டில் இருந்த தாள்களை எண்ணினேன். பத்துத் தாள்கள் இருந்தன. தலைவியுடையது இல்லை.

மறுநாள் காலை கணவர் என் வீட்டுக்கு வந்தார். "எதுக்கு டீச்சர் வம்பு? வெத்துத் தாள்ல வாங்குனது நீங்க. மொதல்ல உங்களைத்தான் கேப்பாங்க" என்றார். தாள் காணாமல் போனதைப் பற்றித் தலைவியைத் தவிர யாரிடமும் நான் அதுவரை பேசியிருக்கவில்லை. தான் அவரிடம் சொல்லவில்லை என்று தலைவி கூறுகிறார். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரோ, மதிப்பீட்டுக் குழு வருகிற நேரத்தில் இதைக் கிளற வேண்டாம் என்றார்.

கணவர் தாளை எடுத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியதைச் சொன்னால் வழக்கு என் மேலேயே திரும்பலாம், அதை விட்டுவிடலாம் என்று இங்கே எழுதிக்கொள்ளும் அலுவலர் சொன்னார். அதை விட்டுவிட்டால் கடிதம் தலைவி எழுதியதாகவே நிற்கும். நாளைக் காலை பத்து மணிக்கு ராஜினாமாவை எடுத்துக்கொள்ளச் சபை கூடுகிறது. ஆகவே அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுத்துச் சொன்னதல்ல. நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே.

(ஒப்பம்)
ஓய்வு பெற்ற ஆசிரியை