மூன்று நாலு தரம் வந்த சூப்

எழுபதுகளில், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, பாதர்ஸ்ட் தெருவில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. மனைவி ஊரிலிருந்து வந்து ஒரு கிழமைதான் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் மடியில் ஒரு வெறும் சட்டி. அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்.

"ஒரு பொம்பிளை சும்மா கோழி சூப் காய்ச்சித் தருவாவோ?" என்றார் மனைவி.

"பழைய வீட்டில பக்கத்து அறையில இருந்த பிலிப்பீன்ஸ் நேர்ஸ். எனக்குக் காய்ச்சல் எண்டு தந்தவ. கோழியைப் புளியங்கொழுந்து போட்டு அவிக்கிறது, அவையின்ர ஊர்ச் சாப்பாடு."

"இந்தப் பனிக்குள்ள புளியங்கொழுந்து எங்கால?"

"அவவின்ர தாய் காயவைச்சு அனுப்பிறவவாம்."

"தாய் அனுப்பினதை உங்களுக்கேன் போடுறா?"

கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

"எத்தினை தரம் தந்தவ?"

"மூண்டு நாலு தரம் இருக்கும்."

"காய்ச்சல் எத்தினை தரம் வந்தது?"

"ஒருக்கா."

பிறகு மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீங்கள் கலியாணம் கட்டினனீங்கள் எண்டு அவவுக்குத் தெரியுமோ?"

"அந்தக் கதை வரேல்லை."

"சரி. இண்டைக்கு வரும்."

"அடுத்த தரிப்புத்தான்," என்று கணவர் மெல்லச் சொன்னார். ஆனால் எழும்பவில்லை. மணிக்கயிற்றை மனைவிதான் இழுத்தார்.