அட்டைக்குப் பின்னால்

டீ நன்றாக இருக்கிறது மேடம். போலீஸ் ஸ்டேஷன் டீ என்றால் வெறும் வெந்நீராக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சூதாட்டம் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போவார்கள். அலையைத் தாண்ட முடிந்ததா, கதவு உடைந்ததா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்போம். ராயபுரத்தில் ஷிபின் வீட்டு மாடியில், ஞாயிறு சர்ச் பூசை முடிந்து அவன் வீட்டார் வந்ததும் உட்காருவோம். ஷிபின், அவன் மனைவி ஃப்ளோரா, வண்ணாரப்பேட்டை ஜெரினா, நான். எண்ணூர் கன்டெய்னர் யார்டில் வாரம் முழுக்கப் பெட்டி நம்பர் பார்க்கிறவன் நான். ‘வா நிதிஷ்’ என்று கூப்பிட எனக்கு அந்த மாடியை விட்டால் வேறு இடம் கிடையாது.

நடத்துவதில் இரண்டு விதம் உண்டு. ஷிபின் எல்லோர் கண்முன்னாலும் உருட்டுவான். சிவப்புப் பகடை, இருபது முகம், ஒரு மூலை உடைந்தது. தூங்கும்போதுகூட அது அவன் பாக்கெட்டில்தான் இருக்கும். நான் ஆசை ஆசையாக வளர்த்த மாலுமி ஒருவன், அந்தப் பகடையால் ஒரு மொக்கைப் பாலத்தில் வழுக்கிச் செத்தான். “வுழுந்தது வுழுந்ததுதான் மாமு. இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கினுகீற?” என்று சிரித்தான். எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

நான் நடத்தினால் எதிரே ஒரு அட்டையை நிறுத்திவைத்து, அதற்குப் பின்னால் உருட்டுவேன். விழுந்தது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சாகிற எண் விழுந்தால் ‘காயம்தான்’ என்று சொல்லிவிடுவேன். என் கையில் யாரும் செத்ததில்லை. “நிதிஷ் நடத்துனா பயமே இல்லப்பா” என்று ஜெரினாவே சொல்லியிருக்கிறாள், கேட்டுப் பாருங்கள்.

ஷிபின் காசிமேட்டில் போட் எஞ்சின் மெக்கானிக். ஆடி மாதம் பழுது பார்த்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கடலுக்குப் போனான். போட் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை.

“ஆட்டத்த நிறுத்தாதண்ணா. அதுலயாச்சும் அவன் இருக்கட்டும்” என்றாள் ஃப்ளோரா. நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதையிலும் அவனைக் கடலில் தொலைந்தவனாக வைத்தேன், அவள் தேடினாள். ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு தடயம் கொடுப்பேன். ஒரு தீவில் காய்ந்த சட்டை, தூரத்தில் புகை. அன்றைக்கு மட்டும் அவள் தட்டில் சோறு போட்டுக்கொள்வாள்.

பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு உடல் ஒதுங்கியதாக ஃபோன் வந்தது. ஃப்ளோரா வாசல் வரை வந்து நின்றுவிட்டாள். “நீ போய் பாத்துட்டு வாண்ணா. அவனா இருந்தா சொல்லிடு, மறைக்காத” என்றாள். அவள் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

முகம் இல்லை. பிணவறை ஊழியர் ட்ரவுசர் பாக்கெட்டிலிருந்து எடுத்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “இன்னா சார் இது, கொயந்த வெளையாடுற சாமானா?”

மூலை உடைந்திருந்தது. நான் ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு இது அவன் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். குப்பைக்குப் போகிற சாமான்தானே என்று பகடையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அழுதேன் மேடம், வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று மதியம் ஃப்ளோரா சிரித்தாள். “எனக்குத் தெரியும்ணா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கலாம் என்று பாதிரியார் வந்தார். “உயிரோட கீறவனுக்கு இன்னாத்துக்கு ஃபாதர் பூசை?” என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஷிபினின் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். யாரும் கேட்காத பிணம் என்று அவனை ஒரு நம்பர் போட்டுப் புதைத்தார்கள். நான் போயிருந்தேன். சிலுவை கிடையாது. நான் கொண்டுபோன மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை.

நேற்று அவள் கதையில் அந்தத் தீவை நெருங்கிவிட்டாள். நான் ஒரு புயல் வைத்திருந்தேன், இன்னும் சில வாரம் தாங்கும். அவள் கேட்டாள், “இந்த ஒரு தபா அட்டைய எடுண்ணா. அவன் மாரி உருட்டு. எதுனாலும் தாங்கிக்கறேன்.”

அது நான் நடத்தும் முறை இல்லை என்றேன். அவளே அட்டையை நகர்த்தினாள். பின்னால் சிவப்புப் பகடை கிடந்தது. நல்ல பகடை, வீணாக்க மனம் வரவில்லை, அதில்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். எடுத்து உடைந்த மூலையைக் கட்டைவிரலால் தடவினாள்.

“எங்க பொதச்சாங்கண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன். ஜெரினாதான் உங்களைக் கூப்பிட்டாள்.

நாளைக்குத் தோண்டப் போகிறீர்களாம். தோண்டுங்கள். நான் பொய் சொன்னேன், மறைத்தேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம். இத்தனை மாதமும் ஷிபினைச் சாகவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தவன் நான். நேற்று அட்டையை நகர்த்தி அவனைக் கொன்றது ஃப்ளோராதான்.