தீர்த்தமலை பஸ்ஸில் வந்த பச்சை

"எம்பொண்ணு இன்னும் பச்சையாகலையா டீச்சர்?"

தீர்த்தமலையிலிருந்து அரூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த இளம் தாய் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் கலைந்தது. அவள் மடியில் சின்ன மகள். பக்கத்தில் கைபேசியோடு அங்கன்வாடி டீச்சர்.

"காலையில அளந்த உசரத்தை போன் ஆப்புல ஏத்திட்டேன் செல்வி. சிக்னல் கெடைச்சாத்தான் கலர் காட்டும்."

"போன வருசம் வயசுக்கு ரொம்பக் குட்டைன்னு சிவப்பு. அப்புறம் மஞ்சள். முட்டையும் சத்துமாவும் ஊட்டி ஊட்டி, செவுத்தோரம் நிக்க வெச்சுப் பாத்துட்டே இருக்கேனுங்க. குட்டையா இருக்கறது நம்ம வம்சம், விடுன்னு வூட்டுல சொல்றாங்க."

"வயசுக்கேத்த வளத்தி இல்லைன்னா, வம்சம்னு விட்டுற முடியுமா?"

பஸ் மலையடியைத் தாண்டியதும் கைபேசி சிணுங்கியது.

"பச்சை! செல்வி, பச்சை!"

செல்வி கட்டிப்பிடித்த வேகத்தில் டீச்சரின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

"பெங்களூருக்குப் போன் போடு. உங்க வூட்டுக்காரர் காத்துட்டு இருப்பாரு."

செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, பச்சைங்க!"

"என்னது, சேலையா?"

"நம்ம பாப்பாங்க! வயசுக்கேத்த உசரம் வந்துட்டா!"

அந்தப் பக்கத்திலிருந்து அவசரமாகக் குரல் வந்தது. "நிக்க வெச்சு ஒரு போட்டோ அனுப்பு. காலும் தெரியணும்."

ஆடும் பஸ்ஸில் டீச்சர் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, செல்வி கம்பியில் சாய்ந்து கைபேசியைத் தூக்கினாள்.

"டீச்சர், கால் தெரிஞ்சா தலை தெரியல! முழுசா அடங்க மாட்டேங்கறா டீச்சர்!"