புலி மேல் ஊசி

— சட்டையை இறக்காதீங்க, கம்போன் மாமா. தொப்புள் பக்கத்துல தடவிப் பாருங்க. கெட்டியா உருண்டை தட்டுப்படுதா?

— படட்டுமே. மூணு வருஷமா அங்கதான் இன்சுலின் குத்துறேன். எறும்பு கடிச்ச வலிகூட இல்ல. எல்லாம் வயித்துல பச்சை குத்தின புலியோட காவல், தாயி!

— காவலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. ஒரே இடத்துல குத்திக் குத்திக் கொழுப்பு கட்டிப்போச்சு. அதான் மரத்துக் கிடக்கு. மருந்தும் அதுக்குள்ளயே மாட்டிக்கிது, ரத்தத்துல ஒழுங்காச் சேரல.

— அப்போ நான் திருட்டுத்தனமா மாம்பழமும் பசையரிசிச் சோறும் தின்னல! டாக்டரும் பொய்யன்னாரு, பொண்டாட்டியும் பொய்யன்னா. இப்ப வரச் சொல்லு ரெண்டு பேரையும்!

— நான் நம்புறேன் மாமா. கால் புண்ணு நம்பணுமே? சர்க்கரை இறங்கலேன்னா பாதத்தை எடுத்துடுவாங்க. இனிமே இடத்தை மாத்தி மாத்திக் குத்துங்க. தடவைக்கு ஒரு புது ஊசி. குத்தினதும் பத்து எண்ணிட்டு எடுங்க. அளவைக் குறைச்சுத்தான் டாக்டர் தருவாரு, நல்ல தோல்ல மருந்து சட்டுனு ஏறும்.

— எங்க குத்த? வயிறு பூரா புலி.

— தொடை?

— ரெண்டுலயும் அனுமார்.

— கை?

— பாம்பு. என்ன சிரிப்பு? காலியா இருக்கிறது இந்த உருண்டை இருக்கிற இடம் மட்டுந்தான்.

— அப்போ பச்சை மேலயே குத்துங்க. ஆறின தோல்தானே?

— புலி மேலயா? நம்ம ஊர்க் குத்துச்சண்டை மேடையில எத்தனை பேர் காலாலயே உதைச்சானுங்க, ஒருத்தனாவது என்னைச் சாய்ச்சிருக்கானா? புலியில ஓட்டை விழுந்தா காவல் போச்சு. கால் போனா போகட்டும், போ!

— அந்தப் புலியே ஊசியால குத்தி வந்ததுதானே?

— அது உபோன் ஊர்ல ஆசான் பூன்மி மந்திரம் சொல்லிக் குத்தினது! உன் ஊசியும் அவர் ஊசியும் ஒண்ணா? வாயைக் கழுவு.

— அவரே சரின்னுட்டா?

— போய்க் கேளு! அவர் தலையாட்டினா, இந்த நிமிஷமே புலி நெத்தியிலேயே குத்திக்கிறேன்.

— போன வருஷமே கேட்டேன் மாமா, காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அவருக்கும் சர்க்கரைதான். புலியைக் குத்தமாட்டேன்னு உங்களை மாதிரியே நின்னாரு. உங்க ஆசான்தான் எங்கப்பா; அவர் உடம்புல ஒரு புலிக்கும் ஓட்டை விழல. முழுசா வச்சு எரிச்சோம்.